இடமிருந்து வலமாக ஒரு படகு

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வேறு எதையோ தேடப் போய், இணையத்தில் யாரோ ஒரு ரசிகை எழுதி வைத்திருந்த பக்கத்தில் தடுக்கி விழுந்தேன். 'சமீபத்தில் படித்த காமிக்ஸ், பார்த்த படங்கள்: சும்மா தோன்றியவை' என்று தலைப்பு. சும்மா என்று ஆரம்பிப்பவர்கள்தான் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இவரும் எழுதியிருந்தார். நிலவில் மாட்டிக்கொண்ட தபால்காரரின் கதை மூன்றாம் பாகத்தில் படுத்துவிட்டதாம். தோற்றுப்போன வில்லன்களுக்கு விடுதி நடத்தும் விதவையின் கதையில், வண்ணம் பூசியவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாமாம். அந்த வாரம் பார்த்த படங்கள் ஒன்றரை. மீதி அரையில் தூங்கிவிட்டாராம்.

நடுவில் மூன்று வரி: "படகுப் புத்தகத்தைப் பற்றிப் போன முறை நான் எழுதிய அத்தனையும் தப்பு. கண்டுபிடித்தது என் அண்ணன், அதுவும் இப்போது ஓர் எழுத்துகூடப் படிக்க முடியாத அண்ணன். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் அசடு வழிந்ததில்லை."

அவ்வளவுதான். அடுத்த பத்தியில் அவர் வேறொரு படத்துக்குத் தாவிவிட்டார். நான் தாவவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. அந்த ரசிகை படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"கண்களில் நீர் திரள, அவள் அண்ணன் வீட்டு வாசலில்—"

வேண்டாம். வாசலிலேயே அழவிட்டால் உள்ளே போய் என்ன செய்வாள்?

"மனித மூளையின் இடப்பக்கத்தில்தான் மொழி—"

இதை மருத்துவமனைச் சுவரில் ஒட்டலாம். அடித்தாகிவிட்டது.

"தங்கை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தாள்."

இது நிற்கிறது. வாடிக்கையாளர் எடுத்த ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸை வெட்டி, ஓரத்தை இழைத்து, பொருத்துவது அவள் வேலை. வலது லென்ஸில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் எதையும் தொடுவாள். "வலது எடது மாறிப்போச்சுன்னா போட்டவங்களுக்குத் தல சுத்தும்" என்று கடைக்காரரிடமே பாடம் எடுப்பாள்.

(இந்த வரியைப் படித்ததும் என்ன நடக்கப் போகிறது என்று உங்களில் பாதிப் பேர் கண்டுபிடித்திருப்பீர்கள். பரவாயில்லை, கூடவே வாருங்கள். அட, 'பரவாயில்லை' என்ற சொல்லை நான் இங்கே செலவழித்திருக்கக் கூடாது.)

3

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதில் இருவரும் ஒரே காமிக்ஸை ஆளுக்கொரு ஓரம் பிடித்துக்கொண்டு படித்தவர்கள். அவர் முன்னால் முடித்துவிடுவார். அவள் முடிக்கும்வரை பக்கத்தைத் திருப்ப முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். வளர்ந்து, அவரவருக்குக் குடும்பம் என்று ஆன பிறகும் சேர்ந்து படம் பார்ப்பதும், வெளியே வந்ததும் முட்டிக்கொள்வதும் நிற்கவில்லை. ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடும் படத்தை அண்ணன் "குப்ப" என்பார். ஊர் காறித் துப்பிய படத்துக்கு நாலு காரணம் சொல்லி வக்காலத்து வாங்குவார். நடுவழி என்ற ஒன்றே அவரிடம் கிடையாது. 'பரவால்ல' என்று சொல்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "பரவால்லன்னா என்னா அர்த்தம்? படம் ஓடுறப்ப தூங்கிட்டேன்னு அர்த்தம்" என்று தங்கையின் வாயை அடைப்பார்.

அப்புறம் ஒரு நாள் பக்கவாதம் வந்தது. காலில் பலம் திரும்பியது, வலது கையில் பாதி திரும்பியது. எழுத்து திரும்பவில்லை. செய்தித்தாளை நீட்டினால் யாரோ கிறுக்கி வைத்த காகிதம்போலப் பார்த்தார். பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

"பரவால்ல."

வலிக்கிறதா என்றால் பரவால்ல. தண்ணீர் வேண்டுமா என்றால் பரவால்ல. ஃபேனை நிறுத்தவா, படம் போடவா, கோபமா அண்ணா? எல்லாவற்றுக்கும் அதே.

(பேச்சு போனவர்களிடம் இப்படி ஒற்றைச் சொல் ஒட்டிக்கொள்வது உண்டு. எது ஒட்டும் என்பது நம் கையில் இல்லை. வரைவைப் படித்த என் அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்: "வேற வார்த்தையே கெடைக்கலையா ஒனக்கு? பாவம்டா அந்த மனுஷன்." பாவம்தான். ஆனால் வேறு எந்தச் சொல்லை வைத்தாலும் தங்கைக்கு இவ்வளவு வலித்திருக்காது.)

அவர் பழையபடி மணிக்கணக்கில் பேச வேண்டும் என்றுகூட அவள் ஆசைப்படவில்லை. ஒரே ஒரு தடவை தன்னோடு ஒத்துப்போகாமல் இருந்தால் போதும் என்று இருந்தாள். ஒரே ஒரு தடவை, 'இல்லை, நீ சொல்வது தப்பு.'

4

அண்ணியை என்ன செய்வது என்று எனக்குப் பெரிய குழப்பம். கதையில் நாத்தனார் வந்தால் அண்ணி முகம் சுளிக்க வேண்டும் என்று என் பேனாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். இரண்டு வரைவுகளில் சுளிக்க வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கை காமிக்ஸோடு வந்து உட்கார்ந்தால்தான் அண்ணிக்கு ஓய்வு. அவள் மேசையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "நீ இருக்கேல்லம்மா?" என்று ஒரு முறை கேட்டுக்கொண்டு, பக்கத்து அறையில் போய்ப் படுப்பாள். படுத்ததும் குறட்டை கேட்கும். நானும் அவளைத் தூங்கவிட்டேன்.

தங்கை ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து, பாத்திரங்களின் தலைக்கு மேல் பலூனில் உள்ள பேச்சை உரக்கப் படிப்பாள். வில்லனுக்கு ஒரு குரல், கதாநாயகிக்கு ஒரு குரல். அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்ததும் "பரவால்ல" என்பார். அவள் புத்தகத்தை மூடி, சிரித்து, பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இப்போது படகுப் புத்தகம். நூலகத்தில் புதிதாக வந்திருந்த மொழிபெயர்ப்பு. கடலோரத்தில் ஒரு தச்சர், அவருடைய மகள். வீட்டில் அவள் ஒரே மூச்சில் படித்தாள். முதல் பக்கத்தில் வெறும் கரை, தூரத்தில் படகில் மகள். பிறகு படகு கரைக்கு வருகிறது. அப்பா அதைப் பலகை பலகையாகக் கழற்றுகிறார். கடைசியில் மரக்கட்டைகள் அடுக்கியபடி இருக்க, அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அவள் உருகி எழுதினாள்: "காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் துணிச்சல்! பதில் முதலில் வருகிறது, கேள்வி பிறகு வருகிறது. படைத்தவரின் மேதைமைக்கு வணக்கம்." 'ஆழமான பார்வை' என்று நாலைந்து பேர் பாராட்டினார்கள். அவர்களில் ஒருவரும் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டதில்லை.

எனக்கு அவளைக் கேலி செய்ய மனம் வரவில்லை. நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் குடும்பம் முழுசாக ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிற கதை. அந்த மாதங்களில் அவளுக்கு அது பிடித்துப்போனதில் என்ன அதிசயம்?

5

ஞாயிறு. மேசை. பக்கத்து அறையில் குறட்டை. அவள் பேச்சே இல்லாத முதல் பக்கத்தைக் காட்டிவிட்டு, அடுத்த பக்கத்தின் இடது மேல் கட்டத்தில் விரல் வைத்தாள்.

"'தெரியலப்பா. போய்ப் பாத்தாதான் தெரியும்.'"

அடுத்த கட்டம். "'எங்க போறே?'"

அண்ணன் தன் இடது கையால் அவள் விரலைப் பிடித்தார். பிடித்து, வலது மேல் மூலைக்கு நகர்த்தினார்.

"என்னண்ணா, அந்தப் பக்கம் தெரியலையா?" என்று புத்தகத்தை அவர் பக்கம் சாய்த்துவிட்டு, விரலைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். மறுபடி பிடித்தார், மறுபடி நகர்த்தினார். அவளுக்குப் பயம் வந்தது. பார்வையிலும் ஏதாவது கோளாறா?

அண்ணன் பெருமூச்சு விட்டார். புத்தகத்தை அவளிடமிருந்து பிடுங்கினார்.

(பிடுங்கினார் என்றா எழுதினேன்? ஆமாம். 'மெல்ல எடுத்துக்கொண்டார்' என்று முதலில் எழுதி அடித்தேன். அவர் பிடுங்கத்தான் செய்தார்.)

மூடி, திருப்பி, பின்னட்டை மேலே வரும்படி வைத்தார்.

"அண்ணா, அது பின்பக்கம்ணா."

அவர் திறந்தார். அப்பாவும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் விரல் வலது மேல் மூலையில் இறங்கி, இடப்பக்கம் நகர்ந்து, கீழ் வரிசைக்கு வந்து, மறுபடி வலதிலிருந்து இடதுக்குப் போனது. அடுத்த பக்கம். முதல் பலகை. அதற்கடுத்த பக்கம், இன்னொரு பலகை. தச்சர் படகைக் கழற்றவில்லை, கட்டிக்கொண்டிருந்தார். மகள் வரவில்லை, கிளம்பிக்கொண்டிருந்தாள். "எங்க போறே?" என்று கேட்டுவிட்டுத்தான் அப்பா பதிலுக்குக் காத்திருந்தார்.

எழுத்து தெரிந்தவள் எழுத்தைப் படித்துக்கொண்டு போனாள். எழுத்து தொலைந்தவருக்குப் படம் மட்டும்தான் தெரிந்தது. சுத்தியல் படும்முன் ஆணி மரத்தில் இறங்கியிருக்க முடியாது என்று அவர் கண்டுகொண்டார்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். அண்ணனின் முகத்தில் அந்தப் பழைய பார்வை. 'இவளை நம்பி எவன்யா கண்ணாடிக் கடையில் வேலை கொடுத்தான்?' என்று கேட்கிற பார்வை. அவள் ஓவென்று சிரித்தாள், சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. குறட்டை நின்றது. அண்ணி தலையை முடிந்துகொண்டே ஓடி வந்தாள்.

"என்னம்மா, என்னாச்சு?"

"அண்ணன் என்னயத் திட்றாரு அண்ணி!"

"பேசுனாரா?"

"இல்ல. பாத்தாரு."

அண்ணி புரிந்துகொண்டாள். அதற்கு மேல் கேட்காமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "எங்க, என்னையும் அப்படிப் பாருங்க பாப்போம்" என்றாள்.

(ஒரு தகவல்: வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய இந்த மாதிரி ஜப்பானியக் காமிக்ஸ் புத்தகங்களில், தவறான பக்கம் திறப்பவர்களுக்கு 'நில்லுங்கள், இது கடைசிப் பக்கம்' என்று அச்சிட்டிருப்பார்கள். நூலகத்தின் ஸ்டிக்கர் சரியாக அதன் மேல் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டிய புண்ணியவானுக்குத் தங்கை அடுத்த பதிவில் தனியாக நன்றி சொல்லியிருந்தாள். ஒழுங்காக ஒட்டியிருந்தால் அந்த ஞாயிறு கிடைத்திருக்குமா?)

6

இங்கேயே முடித்துவிடு என்றாள் அக்கா. முடித்திருக்கலாம். ஆனால் அந்தப் படகுக் கதை படமாக வந்திருந்தது. இந்த மூவரும் போகாமல் இருப்பார்களா? பகல் காட்சிக்குப் போனார்கள். அண்ணன் இமை கொட்டாமல் பார்த்தார். படத்தில் மகள் கிளம்பும்போது வயலின்கள் கதறின. புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரு சொல்கூட இல்லை. தங்கை ஓரக்கண்ணால் பார்த்தாள். அண்ணனின் இடது கை நாற்காலிப் பிடியில் தட்டிக்கொண்டிருந்தது.

படம் விட்டதும் படிக்கட்டில் நின்றார்கள். அவள் கேட்டாள்: "எப்படிண்ணா இருந்துச்சு?"

முடிவு ஒன்று: அண்ணன் "குப்ப" என்கிறார். தங்கை கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். அக்கா அழுவாள். நான்தான் வயலின் வாசிக்கிறேனோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

முடிவு இரண்டு: "பரவால்ல." மூவரும் வீட்டுக்குப் போகிறார்கள். உண்மை இப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டுகிற வாசகர்களும் உண்டு. அவர்களுக்காக ஒரு முழுப் பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன்.

முடிவு மூன்று: அவர் எதுவும் சொல்லாமல்—

7

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அண்ணனுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்மணி தங்கையிடம் பல முறை கண்டித்துச் சொல்லியிருந்தார்: "நீங்க வார்த்தைய எடுத்துக் குடுக்காதீங்க. அவரு தேடட்டும், நீங்க சும்மா இருங்க." அவளால் ஒரு தடவைகூட முடிந்ததில்லை. அண்ணன் தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் 'தண்ணியா? தலகாணியா?' என்று அள்ளிக் கொடுத்துவிடுவாள். அவரும் பரவால்ல என்று விட்டுவிடுவார்.

இன்றைக்கும் படிக்கட்டில் ஒரு சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். கூட்டம் அவர்களை இடித்துக்கொண்டு இறங்கியது. அண்ணி ஒரு படி கீழே, தண்ணீர் பாட்டிலோடு நின்றாள்.

'பரவால்ல' என்று சொல்ல வேண்டுமானால் முதலில் உதடுகள் இரண்டும் ஒட்ட வேண்டும். சொல்லிப் பாருங்கள். அண்ணனின் உதடுகள் ஒட்டவில்லை. திறந்தபடி இருந்தன. புருவம் சுருங்கியது, கழுத்து முன்னால் வந்தது. தங்கை பார்த்துவிட்டாள். அண்ணியும் பார்த்துவிட்டாள். அவர்களுக்கு ஓர் அவசரமும் இல்லை. இப்படிக் காத்து நிற்க ஒரு படிக்கட்டு கிடைத்ததே பெரிது என்று இருந்தது.

அண்ணனின் தலைக்கு மேல் ஒரு பலூன் வரைந்து, காலியாக விட்டிருக்கிறேன். உங்களிடம் ஒரு சொல் தயாராக இருக்கும். என்னிடமும் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.