ஒன்பது சென்டிமீட்டர் குறைந்த குழி

கவியரசன் அண்ணனின் உடல் சவூதியிலிருந்து அறந்தாங்கிக்கு வருமுன்பே குழி வெட்டினோம். வாட்ஸ்அப்பில் வந்த தாளில் பெட்டியின் நீளம் 2.1 மீட்டர். "சாயங்கால வகுப்புக்குப் போறவனே, சென்டிமீட்டர்ல சொல்லு" என்றார், வெட்டிய திருப்பதி மாமா. இரண்டு மீட்டர், ஒரு சென்டிமீட்டர் என்று நினைத்து 201 என்றேன். சரியான விடை 210.

பெட்டி குழிக்குள் இறங்கவில்லை. "அவருக்குப் போக மனசில்ல" என்றார் அண்ணனின் மனைவி வனிதா அண்ணி. குழியை நீட்டிப் புதைத்தோம். ஆனாலும் அன்று முதல் அண்ணி தினமும் அவருக்கும் சோறு போட்டு வைத்துக் காத்திருக்கிறார்.

இன்று வகுப்புக்குப் போகும் வழியில் சொல்லிவிட்டேன்: "என் கணக்குத்தான் தப்பு அண்ணி."

"நீ தப்பாப் போடுற ஆளா? அவருதான் ஒன்னைய அப்படிச் சொல்ல வச்சிருக்காரு" என்று சிரித்தார்.

வகுப்பில் 2.1 மீட்டரை ஏழு முறை மாற்றிப் பார்த்தேன். ஏழு முறையும் 210தான் வந்தது. அன்று மட்டும் ஏன் 201 என்றேன்?