மேற்பார்வையாளர் இல்லாத தேர்வு

உறையின் மேல் நாலே வரிதான் அச்சடித்திருந்தது. பிரித்த நிமிடத்திலிருந்து மூன்று மணி நேரம். புத்தகம் பார்க்கக் கூடாது. எவருடைய உதவியும் கூடாது. இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்து எழுதலாம்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் தேர்வு என்பது இவ்வளவுதான். மொத்தமே முந்நூறு மாணவர்கள். உள்ளே நுழைய முட்டி மோதும் கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கும்; நுழைந்துவிட்டால் பிறகு யாரும் யாரையும் கண்காணிப்பதில்லை. மரத்தடியில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் உண்டு. துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தால்தான் மூளை ஓடும் என்று சாதிக்கிற ஒரு மகானுபாவனும் உண்டு.

வாலு தன் விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சரியாக இரண்டு மணிக்கு உறையைப் பிரித்தாள். வாலு என்பது தாய்மாமா வைத்த பெயர். சின்ன வயதில் பண்ணிய சேட்டைக்காக ஒட்டிக்கொண்டது, பத்தொன்பது வயதிலும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் இடத்தைத் தவிர வேறெதையும் கண்ணால் காணாதவள், இங்கே வந்த முதல் பருவத்திலேயே வெப்பவியலில் நாற்பத்தொன்று வாங்கித் தோற்றாள். ஒரே பாடத்தில் இரண்டு தடவை தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இன்று இரண்டாவது தடவை. அறுபது வந்தாக வேண்டும்.

இரண்டேகாலுக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்த மாமா, ஒரு கையில் பையும் மறு கையில் டீ பிளாஸ்க்குமாக இப்போதே வந்து நின்றார். வாலு உதட்டில் விரலை வைத்து, உறையைத் தூக்கிக் காட்டினாள்.

மாமா பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியர். ஆனால் அவருடைய புகழுக்கும் வரலாற்றுக்கும் சம்பந்தமில்லை. தேர்வறையில் மேற்பார்வைக்கு நின்றாரென்றால் பிள்ளைகளுக்குச் சிம்ம சொப்பனம். சட்டைக் கைமடிப்பு, செருப்பின் அடிப்பக்கம், அடிஸ்கேலின் முதுகு என்று எங்கே பிட்டு ஒளிந்திருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். முப்பத்தொரு வருடத்தில் தன் அறையில் ஒரு பிட்டுகூடக் கரை சேர்ந்ததில்லை என்று கல்யாண வீட்டிலும் சொல்வார், ஆஸ்பத்திரியிலும் சொல்வார்.

அவர் உறையை வாங்கி நாலு வரியையும் படித்தார். பின்பக்கம் திருப்பினார். மேற்பார்வையாளர் கையெழுத்துக்கு இடமே இல்லை என்று கண்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து வாலுவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வெளியே இருங்கள் மாமா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் கண்ணில் படும்படி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, நடக்க ஆரம்பித்துவிட்டார். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நாலு எட்டு, ஜன்னலிலிருந்து கட்டில் வரை நாலு எட்டு. எழுதுகிறவள் ஒருத்தி, அவரோ நாற்பது பேர் உட்கார்ந்திருப்பது போல இடமும் வலமும் முறைத்துக்கொண்டு போனார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

முதல் நாலு கேள்விகளோடு மல்லுக்கட்டி எழுந்தபோது மணி நாலரை. அவற்றை மட்டும் நம்பினால் அறுபது தேறாது என்று அவளுக்கே தெரிந்தது. ஐந்தாவது கேள்விக்கு இருபது மதிப்பெண். ஒரு லிட்டர் நீர் நூறு டிகிரியில் இருக்கிறது, இன்னொரு லிட்டர் பூஜ்யத்தில். இரண்டையும் கலக்கக் கூடாது. பாத்திரங்களை ஒட்டி வைக்கலாம், எத்தனை பாத்திரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வெளியிலிருந்து சூடு தரக் கூடாது. முடிவில் குளிர்ந்த நீர், கொதித்த நீரைவிடச் சூடாக இருக்க வேண்டும். வழி சொல்லுக.

இதென்ன அக்கிரமம்? ஒட்டி வைத்தால் இரண்டும் ஐம்பதில் வந்து நிற்கும், அதற்கு மேல் இம்மியும் ஏறாது. வாலு பேனாவைக் கடித்தாள், நகத்தைக் கடித்தாள், தலையைப் பிய்த்துக்கொண்டாள். பதினைந்து நிமிடம் பறந்தது. ஒரு வாய் டீ குடித்தாலாவது ஏதாவது தோன்றுமா என்று பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் கவிழ்க்கப் போனாள்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. “மொத்தத்தையும் ஊத்தாதே. பாதி ஊத்திக் குடி, அப்புறம் மீதி” என்று கிசுகிசுத்தார்.

பாதி. வாலு பிளாஸ்க்கும் கையுமாக அப்படியே நின்றாள். குளிர்ந்த நீரை எதற்கு மொத்தமாகக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும்? முதலில் அரை லிட்டரை வை. அது அறுபத்தேழுக்கு ஏறும். எடுத்துத் தனியே ஓரங்கட்டு. இப்போது மீதி அரை லிட்டரை வை. அதுவும் கொதித்த நீரும் நாற்பத்துநாலில் வந்து நிற்கும். அப்புறம் இரண்டு அரை லிட்டரையும் சேர்த்தால் ஐம்பத்தாறு. கொதித்தது நாற்பத்துநாலு, குளிர்ந்தது ஐம்பத்தாறு! குதிக்க வேண்டும் போலிருந்தது, குதித்தே விட்டாள். மாமா சத்தம் போடாதே என்று கண்ணாலேயே அதட்டினார். மடமடவென்று எழுதி முடித்தபோது ஐந்துக்கு இரண்டு நிமிடம் பாக்கி.

ஐந்து அடித்ததும் மாமா கையை நீட்டினார். கடைசித் தாளின் அடியில் ஒரு வரி உண்டு: நான் எவருடைய உதவியும் பெறவில்லை. அதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். வாலுவின் பேனா அங்கே போய் நின்றுவிட்டது.

“போட முடியாது மாமா. உதவி வாங்கிட்டேன்.”

மாமா அறையைச் சுற்றிலும் பார்த்தார். சந்தேகத்துக்குக் கட்டிலின் அடியிலும் குனிந்து பார்த்தார். “யார்கிட்ட?”

“உங்ககிட்டதான்.”

அவள் விளக்கிச் சொன்னாள். ஆயுள் முழுக்கப் பிட்டுப் பிடித்த மனிதர், தாமே இரண்டு காலில் நடக்கும் பிட்டாகிப் போனதைக் கேட்டுக் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். முதலில் கோபம் வந்தது. டீயை எப்படி ஊற்றுவது என்று சொல்வதெல்லாம் ஒரு உதவியா என்று சண்டைக்கு வந்தார். ஐந்தாவது கேள்வி போனால் அறுபது போகும், அறுபது போனால் படிப்பே போகும் என்று தெரிந்ததும் கோபம் இறங்கி, குரலும் இறங்கியது.

“யாரும் பாக்கல, வாலு. போட்டுடு.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. முப்பத்தொரு வருடமாக எத்தனையோ பிள்ளைகள் அவரிடம் கெஞ்சிய அதே வார்த்தை, அதே தாழ்ந்த குரல். மனிதர் கூனிக் குறுகிப் போனார். தனக்காக அவ்வளவு வருடத்தையும் ஒரு நொடியில் தூக்கிப் போடத் துணிந்தவர் மேல் அவளுக்குப் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே பாழாய்ப்போன சிரிப்பும் வந்தது. அச்சடித்த வரியை அடித்துவிட்டு எழுதினாள்: உதவி பெற்றேன். ‘பாதி ஊற்று’ என்று என் மாமா சொன்னார். அவருக்கு வெப்பவியல் தெரியாது.

மாமா எட்டிப் பார்த்தார். “தெரியாதுங்கிறத எழுதியே ஆகணுமா?”

தாளைக் கொடுக்கப் போனபோது வெப்பவியல் பேராசிரியை தம் அறையில்தான் இருந்தார். அந்த வரியைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் அங்கேயே முதல் நாலு கேள்விகளையும் திருத்தினார். இருபது நிமிடம் மாமாவும் மருமகளும் ஒரே பெஞ்சில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பத்திரண்டு வந்தது. ஐந்தாவது கேள்வியின் மேல் பேராசிரியையின் பேனா தயங்கியபோது மாமா எழுந்தார்.

“அத அடிச்சிடுங்க மேடம். வாயத் திறந்தது நான்தான். ஆனா இவளுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது.” வாலுவும் தலையாட்டினாள்.

பேராசிரியை அடித்தார். தாமாக வந்து சொல்கிறவர்களுக்கு, அடித்ததற்குப் பதிலாக வேறொரு கேள்வி தரும் உரிமை இங்கே ஆசிரியர்களுக்கு உண்டு என்றார். கரும்பலகைக்குப் போனார். குளிர்ந்த நீரை இரண்டாகப் பிரித்தால் ஐம்பத்தாறு. எண்ணற்ற துளிகளாகப் பிரித்து ஒவ்வொன்றாக ஒட்டினால் எங்கே போய் நிற்கும்? இருபது மதிப்பெண், அரை மணி நேரம். தான் கேன்டீனுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டுச் சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டார்.

“அப்போ யார் மேடம் பாத்துக்கறது?” என்று மாமா கேட்டார்.

“அவதான்” என்றார் பேராசிரியை, அதில் என்ன சந்தேகம் என்பது போல.

மாமாவை வெளியே அனுப்பிக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். வாலு உட்கார்ந்தாள். மூன்றாகப் பிரித்தாள், ஐம்பத்தெட்டு வந்தது. நாலாக, ஐம்பத்தொன்பது. பத்தாக, அறுபத்தொன்று. ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் தயங்கித் தயங்கி ஏறுகிறது. எங்கே நிற்கப் போகிறாய் சனியனே? கதவின் கண்ணாடியில் மாமாவின் கண் அப்பிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்தால் கணக்கு ஓடாது என்று நிமிரவே பயந்தாள். கடைசியில் நிமிர்ந்துதான் பார்த்தாள். கண் இல்லை. மாமாவின் முதுகு இருந்தது. ஒரு பிள்ளை தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றதை உலகம் அன்றுவரை பார்த்ததில்லை.

வாலுவுக்கு நெஞ்சு நிறைந்து தளும்பியது. குனிந்தாள். பிரித்த எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் விடை எதை நெருங்கும் என்று எழுதிப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த முகமாக, கணிதப் பாடத்தில் e என்று படித்த பழைய எண் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அதைப் போட்டுக் கணக்கிட்டாள். அறுபத்துமூன்று! அதைத் தாண்டாது.

பேராசிரியை திரும்பி வந்து படித்துப் பார்த்துப் பதினேழு போட்டார். ஒரு படியை நிரூபிக்காமல் தாண்டியதற்கு மூன்று போயிற்று. வாலு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். மாமா திரும்பவில்லை. முன்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். முதுகைக் காட்டி நின்றது போதாதென்று கண்களையும் இறுக்க மூடிக்கொண்டிருந்தார்.

“அறுபத்தொன்பது மாமா. கண்ணத் திறங்க.”

“நேரம் முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டார். முடிந்தது என்று அவள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் திறந்தார்.