காத்திருப்போருக்கு மூன்று பத்திரிகைகள்

...அட்டையில் கேக் போட்ட பத்திரிகை கூடாது, அதை முதலில் அடித்துவிடலாம், பல்லைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருகிறவர் கண்ணெதிரே சாக்லேட் வழிய வழிய ஒரு கேக்கை வைப்பது அநியாயம், போன வாரம் அப்படி ஒரு அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார், வாயைத் திறக்க முடியாமல் சண்டை போட்டார் பாவம், அதுவும் மராட்டியில், பாதி புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். சரி, கேக் வேண்டாம். கார் பத்திரிகை? ஆண்கள் புரட்டுவார்கள். வீட்டு அலங்காரம்? அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டே நேரம் போய்விடும், பெருமூச்சு விடுகிறவர்கள் என் நம்பர் எப்போது வரும் என்று நச்சரிக்க மாட்டார்கள். சிரிக்கிற நடிகை போட்ட சினிமாப் பத்திரிகை என்றால் சந்துருவுக்குப் பிடிக்கும், இந்த மாதிரிப் பல்வரிசை வேண்டும் டாக்டர் என்று அட்டையைத் தூக்கிக்கொண்டே உள்ளே போகிறவர்கள் உண்டு. மூன்றே மூன்று பத்திரிகை, சந்தா கட்டிவிடலாம், நீயே பார்த்து முடிவு பண்ணு கோதை, இதெல்லாம் நீதான் நல்லா பண்ணுவே என்று காலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான் சந்துரு, என் கணவன், சாங்வியில் இந்தச் சின்னப் பல் கிளினிக்கை நடத்துகிறவன். நான் அவனுடைய ரிசப்ஷனிஸ்ட். தற்காலிகமாகத்தான். ப்ரீதி கல்யாணமாகி நாசிக்குக்குப் போய்விட்டாள், வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் நான் உட்கார்ந்திருக்கிறேன், அந்த வேறு ஆளை இரண்டு தீபாவளியாக யாரும் தேடவில்லை, நானும் கேட்கவில்லை.

இதெல்லாம் நீதான் நல்லா பண்ணுவே... எதெல்லாம்? ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க்கில் கண்ணாடி அறைக்குள் இருந்துகொண்டு நாற்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்தவள் நான், எந்த நாட்டு வங்கியின் எந்த மென்பொருள் எந்த நாளில் மாற வேண்டும் என்று நான் சொன்னால் அன்றைக்கு மாறும், இப்போது கேக்கா காரா. பழக்கம் போகுமா, இதற்கும் மனதுக்குள் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன், யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள், எதைத் தொடுகிறார்கள்... ஐ.டி. பிள்ளைகள் எதையும் தொடுவதில்லை, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து போனுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள், அந்த அட்டையின் நாடா என்ன நிறம் என்று என் கண் தானாகப் போகிறது, பழைய கம்பெனியின் நீலமாக இருந்தால் மேசைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்கிறேன். யாருமே படிக்காத பத்திரிகைக்கு எதற்குச் சந்தா? கேட்டேனே சந்துருவிடம். இருக்கட்டுமே, பார்க்க நல்லா இருக்கும் என்றான், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அழுகிற பிள்ளையின் கையில் கிலுகிலுப்பையைத் திணிக்கிற வேலைதான் இது. போன மாதம் திரைச்சீலைக்கு என்ன நிறம், அதற்கு முன்னால் மீன்தொட்டி வைக்கலாமா வேண்டாமா. நல்லவன். அவன் நல்லவனாக இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வேலைக்காகத்தான் கோயம்புத்தூரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிளினிக்கை மூடிவிட்டு இந்த ஊருக்கு வந்தான், மராட்டி கற்றுக்கொண்டு ஒவ்வொரு பல்லாகப் பிடித்து மேலே வந்தான், ஒரு நாளாவது அதைச் சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

வியாபாரப் பத்திரிகை ஒன்று? டாக்டரின் காத்திருப்பு அறை என்றால் அப்படி ஒன்று கிடந்தால்தான் மரியாதை. பத்திரிகை ஏஜென்ட் நிர்மல் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கும் அட்டைப் படங்களில் ஒன்று இருக்கிறது, உங்கள் நாற்காலிக்கு இயந்திரம் வருகிறது என்று கொட்டை எழுத்தில்... வந்து உட்கார்ந்து நாளாகிறது ஐயா, நீங்கள் இப்போதுதான் அட்டை போடுகிறீர்கள். அன்றைக்கு ஒரு மீட்டிங் என்று அழைத்தார்கள், திரையில் எனக்குத் தெரியாத ஒரு பெண், அழகாக உதட்டுச்சாயம் போட்டிருந்தாள், உங்கள் பங்களிப்புக்கு நன்றி என்று ஆரம்பித்தாள், நன்றியில் ஆரம்பிக்கும்போதே தெரிந்திருக்க வேண்டாமா எனக்கு, கையிலிருந்த டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சீக்கிரமே வேறு வேலை கிடைத்துவிடும், கிடைத்ததும் அம்மாவிடம் கம்பெனி மாறிவிட்டேன் என்று சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம், அப்படித்தான் தொடங்கியது இந்தப் பொய், எவ்வளவு சாதுவாகத் தொடங்கியது! முதலில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள், பிறகு பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள், பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்குள் சொல்ல வேண்டியது இரண்டாகிவிட்டது, வேலை போனது ஒன்று, போனதை மறைத்தது இன்னொன்று. அப்பா கல்யாணசுந்தரம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் என் பதவியைச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார், அதையும் பிடுங்கிவிட்டால் அவர் பந்தியில் என்னதான் பேசுவார்?

பத்தாகிறது, இதோ அம்மா கூப்பிடுவாள். வேலை இருந்த நாட்களில் கம்பெனி வண்டி வாக்கட் பாலத்தில் நெரிசலில் நிற்கிற நேரம் அது, ஊரே நெரிசலைத் திட்டும், எனக்கும் அம்மாவுக்கும் அதுதான் பேசக் கிடைக்கிற நேரம், வண்டி நகர்ந்துவிட்டால் இருவருக்குமே வருத்தமாக இருக்கும். இப்போது அசையாத நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நானே நெரிசல் தயாரிக்கிறேன், லாரி கவிழ்ந்துவிட்டது, மழைத் தண்ணீர் தேங்கிவிட்டது, மெட்ரோவுக்கு எங்கேயோ தோண்டுகிறார்கள்... கூட்டமாக இருந்தால் மீட்டிங். காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உரக்கச் சொல்வேன், இங்கே யாருக்குத் தமிழ் தெரியும், தமிழ் பேசத் தொடங்கினால் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி. இன்று எதிரே மூன்று பேர். கன்னத்தைப் பிடித்தபடி ஒரு கல்லூரிப் பெண், அவளுடைய அப்பா, அப்புறம் ஈனிட் என்று பெயர் கொடுத்த ஐம்பது வயதுப் பெண்மணி, கத்தரித்த முடி, பூப்போட்ட குர்தா, கல்லூரிப் பெண்ணின் அப்பாவோடு வந்ததிலிருந்து மராட்டியில் வெளுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். கோவாக்காரராக இருக்கலாம். போன் அடித்தது.

"கண்ணு, வண்டியில போறயா, ஆபீசு வந்துட்டயா?"

"வந்துட்டேம்மா. மீட்டிங்ல இருக்கறேன், எல்லாரும் எதுத்தாப்ல உக்காந்திருக்கறாங்க. அப்பறம் கூப்படறேன்."

"செரி செரி, நீ பாரு கண்ணு. நம்ம சங்கரன் மாமா பையனுக்கு உங்க கம்பெனில எதாச்சும் பாத்துத் தரச் சொல்லிக் கேட்டுட்டே இருக்கறாரு. ஞாயித்துக்கெழம பேசலாம், என்ன?"

பார்க்கலாம்மா என்றேன். பார்க்கலாமாம்! என் நாக்கை எதைக் கொண்டு தேய்ப்பது... நிர்மலின் அட்டைப் படங்களை மறுபடி மேலே தள்ளினேன், ஒரு படமும் கண்ணில் நிற்கவில்லை, சங்கரன் மாமாவின் பையன் என்னை நம்பி எங்கேயும் விண்ணப்பம் போடாமல் உட்கார்ந்திருப்பானோ, இன்னும் எத்தனை பேர் என் கம்பெனியை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள், அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் குரல்.

"மீட்டிங் முடிஞ்சிருச்சாம்மா?"

தமிழ். நல்ல தெளிவான தமிழ். ஈனிட் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிருச்சின்னா என் நம்பர் எப்ப வரும்னு கொஞ்சம் பாரேன். கீழ ரிக்‌ஷாவ ருக்கோ சொல்லி நிக்க வச்சிருக்கேன். அரை நாள்தான் லீவு."

நீங்க தமிழா ஆன்ட்டி என்று கேட்டது என் குரல்தானா... பக்கத்தில் தேஹு ரோடு என்கிற ஊரிலேயே பிறந்து வளர்ந்தவராம், தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து ராணுவ டிப்போவில் வேலைக்கு வந்த குடும்பமாம், இவரும் அதே டிப்போவில் கிளார்க்காம். "பேச வரும், படிக்கத்தான் வராது" என்று சொல்லிவிட்டு, எங்கள் அலமாரியில் ஈரம்பட்டு உப்பிக் கிடந்த மராட்டி தீபாவளி மலரை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். அவ்வளவுதான். சிரிக்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை, ஒரு பார்வைகூட இல்லை. குத்தலாக ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் பதிலுக்கு மனதுக்குள் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன். இவர் உண்மையாகவே தன் நம்பரைப் பற்றித்தான் கவலைப்பட்டார். என் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் காப்பாற்றி வந்த பொய், ஒரு டிப்போ கிளார்க்குக்கு அவருடைய ரிக்‌ஷா காத்திருக்கிற அளவுக்குக்கூடப் பெரிய விஷயமில்லை. அடுத்தது நீங்கதான் ஆன்ட்டி என்றேன், கல்லூரிப் பெண்தான் அடுத்தது, அவள் அப்பாவிடம் இந்தியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், அந்த மனிதரும் பரவாயில்லை என்றுவிட்டார், இன்றைக்கு எல்லோரும் பரவாயில்லை என்கிறார்கள். ஈனிட் உள்ளே போனார்.

நினைத்துப் பார்த்தால்... இந்தியில் நான் உண்மையைச் சொல்லியிருக்கிறேன், எதிர் வீட்டு ரீனாவிடம் வேலை போன மறுவாரமே சொன்னேன், நௌக்ரி சலி கயீ என்று, ஏதோ பஸ் போய்விட்டது என்கிற மாதிரி. ஆங்கிலத்தில் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன், புதிய வாய்ப்புகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அடக்கமாக, அழகாக. தமிழில் மட்டும் ஒரு தடவைகூட அது என் வாயிலிருந்து வந்ததில்லை. சந்துருவிடம்? சந்துருவிடம் சொல்லவே தேவையிருக்கவில்லை, நான் அன்று வீட்டுக்குள் வந்த விதத்திலேயே எழுந்து தண்ணீர் கொண்டுவந்தான். வேலை போயிருச்சு... வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன், யாருடைய கதையையோ சொல்லுகிற மாதிரி இருந்தது. அதற்குள் நிர்மல் போன் செய்துவிட்டான். மேடம், முடிவு பண்ணியாச்சா என்றான் இந்தியில். பண்ணிவிட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த நிமிஷத்தில் பண்ணினேன், கார், வீட்டு அலங்காரம், சினிமா, வியாபாரம் வேண்டாம், வியாபாரத்தை என்னால் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு வருஷமா, மூன்று வருஷமா? மூன்று வருஷம் என்றால் ஒரு டிராலி பேக் இலவசம் மேடம். எங்கேயும் போகாதவளுக்கு டிராலி பேக், நல்ல பொருத்தம். தீன் சால் என்றேன், யோசிக்கவேயில்லை, நீண்ட ஒப்பந்தம்தான் எப்போதும் லாபம் என்று நாற்பது பேருக்குச் சொல்லிக் கொடுத்த வாயல்லவா. உறை வந்து சேரும்போது யாரைக் கேட்க வேண்டும், யார் பெயர் போட என்றான். கோதை, ரிசப்ஷன் என்றேன். போட்டுவிட்டேன் மேடம் என்றான், கீபோர்டில் தட்டுகிற சத்தம் கேட்டது.

மூன்று வருஷம். மாதா மாதம் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, பழையதை எடுத்துக் காயலான்காரனுக்கென்று ஒதுக்கிவிட்டு, புதியதை விசிறி மாதிரி பரப்பி வைக்கப்போவது யார்? நான்தான். ஒரு வருஷம் என்று சொல்லியிருக்கலாம், ஒரு வருஷத்துக்குள் எதுவும் நடக்கலாம் என்று ஒரு மரியாதைக்காவது சொல்லியிருக்கலாம், என்னிடமே எனக்கு அந்த மரியாதை இல்லாமல் போயிற்றே. திரும்பக் கூப்பிட்டு மாற்றச் சொல்லலாம், போனைக் கையிலேயே வைத்திருந்தேன், கை எழவில்லை. நான் நம்பிக்கையை விட்ட நாள் எது? அப்படி ஒரு நாளே இல்லை, அது ப்ரீதி மாதிரி தானாகக் கிளம்பிப் போயிருக்கிறது, அந்த இடத்துக்கும் யாரும் ஆள் தேடவில்லை.

ஈனிட் வெளியே வந்தார், கன்னம் மரத்துப்போய் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது, கைக்குட்டையை உதட்டில் அழுத்தியிருந்தார். வேர் சிகிச்சை, இன்னும் ஒரு தடவை வர வேண்டும்.

"விழாழக்கெழம வழச் சொன்னாழு," என்றார் குழறிக்கொண்டு. தன் பேச்சைக் கேட்டுத் தானே சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கைக்குட்டையை எடுத்துவிட்டு, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக: "அன்னிக்கு... நீ இருப்பியாம்மா?"

"இருப்பேங்க ஆன்ட்டி," என்றேன். "எல்லா நாளும் இங்கதாங்க இருப்பேன்."

தமிழில் சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது, ஒன்றும் இடிந்து விழவில்லை, ஈனிட் அச்சா என்று தலையாட்டிவிட்டு நான் கொடுத்த அப்பாயின்ட்மென்ட் சீட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ரிக்‌ஷாவைப் பார்க்க இறங்கிப் போனார். இவ்வளவுதானா, இதற்காகவா இத்தனை லாரிகளைக் கவிழ்த்தேன் என்று நினைத்துக்கொண்டே, கல்லூரிப் பெண்ணை உள்ளே போகச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் வியாழக்கிழமையைத் திறந்தேன், ஈனிட்டின் பெயரைப் போட வேண்டும், அன்று காலை முழுக்கக் காலி, ஒன்பதரை காலி, பதினொன்று காலி, பன்னிரண்டு காலி... அவர் எந்த நேரமும் கேட்கவில்லை. சீட்டில் நானாகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பத்து மணி என்று. பத்து மணிக்கு அம்மா கூப்பிடுவாள், அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம் இன்னும் கேட்டது, எழுந்து கூப்பிட்டால் திரும்புவார், நேரத்தை மாற்றிக் கொடுத்துவிடலாம், நான் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.