ரோக்காவுக்கு வந்த பதிவுத் தபால்

ரோக்கா இறந்த இரண்டாம் நாள் முற்பகலில் தே வாத்தேனே என்ற தபால்காரன் ஊர் வாசலில் வந்து நின்றான். மழையில் நனைந்த குதிரையை வெளியே கட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்திருந்தான். பெண்கள் குரல் கொடுத்து அழைத்த பிறகுதான் உள்ளே வரலாம். அழைத்தார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தலை குனிந்து, ஊர்க் கூடத்து முகப்பில் கிடத்தியிருந்த ரோக்காவின் எதிரே வந்து அழுதான். தூரத்து உறவில் அவனுக்கு அவள் பெரியக்கா.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகு பையிலிருந்து நீளமான உறை ஒன்றை எடுத்தான். அரசாங்க முத்திரை போட்ட உறை.

"பெரியக்காவுக்குப் பதிவுத் தபால்," என்றான்.

துக்கத்துக்குரிய இலைவளையத்தைத் தலையில் சூடி, சவப்பெட்டியின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த ரோக்காவின் தங்கை பிரிஹிரா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்கா?"

"நான் என்ன செய்ய அக்கா? யார் பேருக்கு வந்ததோ அவங்க கையில குடுத்து, புத்தகத்துல அவங்க கையாலயே போட்டு வாங்கணும். இல்லேன்னா திருப்பி அனுப்பணும். சட்டம்."

"அவதான் இங்க இருக்காளே," என்றாள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒருத்தி. "குடேன்."

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பெட்டி மூடப்படும் வரை ரோக்கா எங்கும் போய்விடவில்லை. இரண்டு நாளாக எல்லாரும் அவளோடுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். கோபித்துக்கொண்டார்கள், கிண்டல் செய்தார்கள், விலாங்கு மீன் எப்படி வெந்திருக்கிறது என்று அவளிடம்தான் சொன்னார்கள். வர முடியாத உறவினர்கள் அவளுக்கு எழுதிய கடிதங்களை அவளுக்கே வாசித்துக் காட்டினார்கள். இந்தக் கடிதத்தை மட்டும் ஏன் திருப்ப வேண்டும்?

"பெரியக்கா, உனக்குக் கடுதாசி. எந்திரிச்சு வாங்க வேணாம், நானே வெக்கிறேன்," என்று சொல்லி தே வாத்தேனே உறையை அவள் மார்பின்மேல் வைத்தான்.

கையெழுத்துப் புத்தகத்தைப் பிரிஹிரா பிடித்துக்கொண்டாள். ரோக்காவுக்கு எழுதத் தெரியாது. பெரணியின் இளந்தளிர் போல ஒரு சுருள் போடுவாள். பிரிஹிரா பென்சிலைக் குளிர்ந்த விரல்களுக்கிடையே செருகி, மேலே தன் கையை வைத்து வலப்பக்கமாகச் சுழிக்கத் தொடங்கினாள். பென்சில் இடப்பக்கம் போனது. ரோக்கா எப்போதும் இடப்பக்கம்தான் சுழிப்பாள் என்பது அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை, கை தவறியிருக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

ஊர்ப் பெரியவர் கடிதத்தை உரக்க வாசித்தார். ஊற்றும் இடுகாடும் அடங்கிய மேட்டு நிலத்துக்கு அரசாங்கப் பத்திரத்தில் பத்துப் பேர் சொந்தக்காரர்கள். ஒன்பது பேர் விற்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. பத்தாவது பெயர் ரோக்கா; அவளும் சம்மதித்தால்தான் விற்க முடியும். இருபத்தெட்டாம் தேதி நகரத்துக் கச்சேரிக்கு வந்து, சம்மதம் உண்டா இல்லையா என்று விசாரிக்கும் வெள்ளைக்காரத் துரை முன்னால் அவள் சொல்ல வேண்டும்.

"கேட்டியா?" என்றார் பெரியவர் பெட்டியைப் பார்த்து. "செத்தும் உன்னைத் துரை விட மாட்டேங்கறான்."

மறுநாள் அவளை மேட்டு நிலத்திலேயே புதைத்தார்கள். இறந்தவர்கள் போகும் வழியைப் பெரியவர் அவளுக்குச் சொன்னார்: வடக்கே போ, கடற்கரையோரமாகவே போ, நாட்டின் வடமுனையிலிருக்கும் மரத்தின் வேரைப் பிடித்து இறங்கு, திரும்பிப் பார்க்காதே. எல்லாரும் கை கழுவிவிட்டு வீடு திரும்பினார்கள்.

*

இருபத்தெட்டாம் தேதி பிரிஹிரா கச்சேரிக்குப் போனாள். அக்கா இறந்துவிட்டாள், உயிரோடிருந்த வரை அவள் விற்கச் சம்மதிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வருவதுதான் அவள் எண்ணம். அங்கே ரோக்காவின் மகன் கெரேயாமா புதுக் கோட்டோடு நின்றிருந்தான். பக்கத்தில் நிலத் தரகன் ஹாஸ்கெல். கெரேயாமா அம்மாவைப் புதைக்க வந்தவன், மண் காயுமுன் நகரத்துக்குத் திரும்பிவிட்டான். கோட்டைப் பார்த்தாலே யார் வாங்கித் தந்தது என்று தெரிந்தது.

துரை வயதானவர், சளி பிடித்திருந்தது. துபாஷி மூலமாகக் கெரேயாமாவிடம் கேட்டார்.

"எங்கம்மா தவறிட்டாங்க. நான்தான் வாரிசு. கையெழுத்துப் போடத் தயாரா இருக்கேன்," என்றான் அவன்.

"எப்போது இறந்தார்?"

"பத்தாம் தேதி."

துரை தபால் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். பதினொன்றாம் தேதி, பதிவுத் தபால், பெறுபவரின் குறி. பழைய பத்திரம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இடப்பக்கச் சுருள், கடைசியில் சிறிய கொக்கி. இரண்டும் ஒன்றாக இருந்தன.

சட்டத்தைத் துபாஷி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நோட்டீசு உரியவர் கைக்குக் கிடைத்து, அவர் வராவிட்டால், விசாரணையை அடுத்த தவணைக்குத் தள்ளி வைக்க வேண்டும். நோட்டீசு கொடுக்க முடியாமல் திரும்பினால் மட்டுமே ஆள் இல்லையென்று கொண்டு வாரிசை அழைக்கலாம். சுதேசிகளின் சாவுக்கு அரசாங்கத்தில் பதிவேடு கிடையாது. தபால் புத்தகமோ அரசாங்கத்துப் புத்தகம்.

"இது யார் கை?" என்று, புத்தகத்தோடு வரவழைக்கப்பட்டிருந்த தே வாத்தேனேயைத் துரை கேட்டார்.

அவன் செருப்பைப் பார்த்தபடி, "அவங்க கைதான்," என்றான்.

அடுத்துப் பிரிஹிராவைக் கேட்டார். அக்கா இறந்துவிட்டாள் என்று சொல்லத்தான் அவள் முப்பது மைல் வந்திருந்தாள். சொன்னால் கெரேயாமா இப்போதே பேனாவை எடுப்பான். ஊற்று போகும், இடுகாடு போகும், புது மண்ணுக்குள் கிடக்கும் ரோக்காவும் போவாள்.

"எங்கக்கா கைதான்," என்றாள். "அன்னிக்கு எங்களோடதான் இருந்தா."

துரை தும்மிவிட்டு, ஆகஸ்டுக்கு மீண்டும் நோட்டீசு அனுப்பும்படி எழுதினார்.

வெளியே படியில் கெரேயாமா அவளை மறித்தான். கத்துவான் என்று நினைத்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"சித்தி, அம்மாவ அனுப்பி வெச்சிட்டோம். திரும்பக் கூப்பிடாதீங்க."

"அப்ப நிலத்தை விக்காதடா."

"ஹாஸ்கெல் குடுத்த கோட்டைப் போட்டுட்டேன்," என்றான் அவன்.

*

ஜூலையில் தே வாத்தேனே சாதாரணத் தபாலோடு வந்தபோது ஒரு செய்தியும் கொண்டுவந்தான். தபால்காரர்கள் வழியில் பைகளை மாற்றிக்கொள்வார்கள், பேச்சையும் மாற்றிக்கொள்வார்கள். வடக்கே நீண்ட மணற்கரையில் ஓடுகிற தபால்காரன் ஒரு பொம்பளையைப் பார்த்தானாம். மோவாயில் பச்சைகுத்து, வெறுங்கால், தலையில் காய்ந்த இலைவளையம். குதிரைக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தாளாம், குதிரை எட்டிப் பிடிக்கவே இல்லையாம்.

"வடக்கே பாத்துத்தானே போறா?" என்று பிரிஹிரா கேட்டாள்.

"வடக்கேதான்."

"அப்ப நல்லது."

ஆகஸ்டில் இரண்டாவது நோட்டீசு வந்தது. தே வாத்தேனே வேலிக்கு வெளியே நின்றபடியே, "அக்கா, திருப்பிடட்டுமா?" என்றான்.

பிரிஹிரா புத்தகத்துக்குக் கை நீட்டினாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த முறை பென்சிலுக்கும் அவளுக்கும் நடுவே வேறு கை இல்லை. ஆனாலும் காகிதத்தில் முனை பட்டதும் விரல்களுக்குக் கீழே குளிர்ந்த விரல்கள் இருப்பதுபோல் அது உயர்ந்து நின்றது. சுருள் தானாக இடப்பக்கம் போய்க் கொக்கியில் முடிந்தது. விசாரணை நவம்பருக்குத் தள்ளிப்போயிற்று.

அடுத்த செய்தி செப்டம்பரில் வந்தது. மணற்கரைக்குத் தெற்கே உள்ள தபால் நிலையத்தில், பட்டப்பகலில், வாசலில் ஒருத்தி நின்று, "என்னைக் கூப்பிட்டாங்களே, கடுதாசி இருக்கா?" என்று கேட்டாளாம். என்ன பெயர் என்று உள்ளிருந்தவர் கேட்டு நிமிர்வதற்குள் வாசல் காலி. படியில் மணல் மட்டும் கிடந்ததாம்.

"எந்தப் பக்கம் போனா?"

தே வாத்தேனே குதிரையின் பிடரியைக் கோதினான். "தெற்கே, அக்கா."

அக்டோபரில் இரண்டு தபால் நிலையங்கள். இரண்டிலும் அதே கேள்வி. ஒவ்வொன்றும் முந்தையதைவிட அருகில். ஊரில் இதைப் பற்றி யாரும் பிரிஹிராவிடம் பேசவில்லை. ஆனால் ஊற்றுக்குப் போகிற பெண்கள் அவள் வருவதைப் பார்த்தால் குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். "நிலம் இருக்கு," என்று ஒருத்தி மட்டும் போகிற போக்கில் சொன்னாள். நன்றியா, குற்றச்சாட்டா, தெரியவில்லை.

பிரிஹிராவுக்கே தெரிந்துதான் இருந்தது. ரோக்காவுக்கு முழங்கால் வலி. அந்தக் காலோடு முனையை நோக்கி நடந்தவளை அவள் பாதியில் திருப்பியிருந்தாள்.

*

நவம்பர் நோட்டீசு ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் வந்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. தே வாத்தேனே குதிரையிலிருந்து இறங்கவில்லை.

"ஆத்தங்கரைப் படகுக்காரன் நேத்து ஒரு பொம்பளைய இக்கரைக்குக் கொண்டுவந்து விட்டானாம்," என்றான். "படகு அவ ஏறினதும் தாழவே இல்லைன்னு இன்னும் சொல்லிட்டிருக்கான்."

"அப்ப எப்ப வருவா?"

"எனக்கு முன்னாலயே கெளம்பினவங்க அக்கா. வழியில நான் பாக்கல."

பிரிஹிரா உறையைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். திருப்பி அனுப்பினால் அக்கா போகலாம், நிலமும் போகும். கையெழுத்துப் போட்டால் இரண்டுமே இங்கே நிற்கும்.

"சட்டம் என்ன சொல்லுது, தம்பி?"

"எத்தனை தடவ சொல்றது? யார் பேருக்கு வந்ததோ அவங்க கையில."

"அவங்க கையாலயே போடணும்."

"ஆமா."

"அப்ப நான் போட்டது தப்பு. ரெண்டாவது தடவ அவளைக் கேக்காமலே போட்டேன்." புத்தகத்தை வாங்கி வேலிக்கல்லின்மேல் திறந்து வைத்தாள். உறையை அதன்மேல் வைத்து, காற்றில் பறக்காதபடி பென்சிலைக் குறுக்கே போட்டாள். "அவளே முடிவு பண்ணட்டும். வேணாம்னா விட்டுட்டுப் போகட்டும். நீ திருப்பி அனுப்பிடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எனக்கு இன்னும் மூணு ஊர் பாக்கி இருக்கு," என்றான் அவன் ஈனக் குரலில்.

"குதிரைக்குத் தண்ணி காட்டிட்டுப் போ."

இருவரும் கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியருகே நின்றார்கள். பிரிஹிரா பாதையைப் பார்த்தே பேசினாள், கூடத்து முகப்பில் பேசியதுபோலவே, குரலை உயர்த்தாமல். "அக்கா, போறதுன்னா போ. கெரேயாமா வித்துடுவான், அது உனக்குத் தெரியும். இருக்கறதுன்னா இரு. நான் கையைப் பிடிக்க மாட்டேன்."

குதிரை குடிப்பதை நிறுத்தியது. அதன் காதுகள் பின்னால் திரும்பின. தே வாத்தேனே ஏதோ ஜெபத்தை முணுமுணுக்கத் தொடங்கிப் பாதியில் மறந்து நின்றான். காகிதத்தில் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. எழுதத் தெரியாதவர்கள் எழுதுவதுபோல் அழுத்தி, நிதானமாக. பிறகு உறை கிழிபடும் சத்தம்.

அவன்தான் முதலில் திரும்பினான். கல்லின்மேல் புத்தகம் இருந்தது. உறை இல்லை. திறந்த தாளில் இடப்பக்கச் சுருள், ஈரம் காயாத மணல் கொஞ்சம்.

"எங்க அவங்க?" என்று கேட்டான்.

"வீட்டுக்குள்ள போயிருப்பா. கதவைத் திறந்துதான் வெச்சிருந்தேன்."

கதவு மூடியிருந்தது. பிரிஹிரா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இலைவளையத்துக்காகத் தலையைத் தொட்டுப் பார்த்து, அது இல்லாததால், வெறுந்தலையோடு வாசலை நோக்கி நடந்தாள்.

தே வாத்தேனே புத்தகத்தைக் கையில் எடுத்தான். நேரம் குறிக்காமல் மூடக்கூடாது என்பதும் சட்டம். அந்தச் சுருளுக்கு எதிரே எழுதினான்: பதினொன்றே முக்கால், உரியவர் கையில்.