கடைமடைக்கு வந்தது

ஆறு கோடி ஆண்டுகளை நாற்பது நிமிடத்தில் ஓட்டிக் காட்டும் மென்பொருள் ஒன்று எங்கள் தஞ்சாவூர் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறது. பூமிக்கடியில் வெந்த எண்ணெய் எந்தப் பாறை வழியாக ஏறி எங்கே தேங்கும் என்று பச்சைப் புள்ளிகளாகக் காட்டும். 2018 ஆகஸ்ட்டில் என் முதுகலை ஆய்வுக்காக ஓட்டினேன். புள்ளிகள் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, அப்பாவின் நாலு மா வயலுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தன.

எங்கள் ஆட்கள் மூன்று தலைமுறை கூலிக்கு நட்ட வயல். அப்பாவுக்குச் சொந்தமாகிப் பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது.

ஐந்து மணிக்குள் அறிக்கை போக வேண்டும். தரவு கொடுத்த கம்பெனிக்கும் ஒரு பிரதி. குழாய் இறக்க இடம் தேடுகிறவர்கள் அவர்கள்.

மென்பொருளில் பாறை வெடிப்பைக் கொஞ்சம் அகலமாக்கி ஓட்டினேன். எண்ணெய் பக்கத்து வயலுக்கு, ஜெயபாரதி அக்காவிடம் போனது. இன்னும் அகலமாக்கினேன். முத்துப்பேட்டைக்குப் போனது.

"அங்க எங்க வாப்பா வலை போடுறாரு," என்றாள் பக்கத்துக் கணினியில் இருந்த சபிஹா. "ஒங்க எண்ணெய ஒங்க ஊர்லயே வச்சுக்கடா."

"வேதாரண்யம் தாண்டிக் கடலுக்குத் தள்ளிரவா?"

"வெடிப்ப இவ்ளோ அகலம் வச்சா சார் மொதல்ல உன்னத்தான் தோண்டுவாரு."

அப்போது அப்பா அழைத்தார். காவிரிப் படுகையில் என்ன எங்கே ஓடுகிறது என்று ஆராய்வதாகச் சொல்லியிருந்தேன். எனக்குப் படுகை என்றால் பாறை அடுக்கு. அவருக்கு ஆறு. என் ஆய்வுக்காக வயலின் நாலு மூலையிலும் நின்று, போனில் இடம் குறித்து அனுப்பியவர் அவர்தான். மேட்டூர் நிரம்பி வழிந்தும் எங்கள் வாய்க்காலுக்குச் சொட்டு வரவில்லை. புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல நம்ம வயலுக்கு எப்ப வருதாம்?"

"வந்துருச்சுப்பா," என்றேன், வாய் தவறி.

"செவ்வந்தி! வந்துருச்சாம்!" என்று அம்மாவிடம் கத்தினார்.

"அப்பா, தண்ணி இல்லப்பா. எண்ணெய்."

"நம்ம அடியிலயா?"

"ஆமாம்ப்பா."

"எழுதாம விட்டா?"

"பெயிலுப்பா."

"மாத்தி எழுதினா?"

"ஜெயபாரதி அக்கா வயலுக்குப் போயிரும்."

சபிஹா திரையைப் பார்ப்பதுபோல் இருந்தாள்.

"வேணாம். உள்ளத எழுது," என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, "வெதச்சுட்டேன் தம்பி. இந்த ஒரு வெள்ளாமைய மட்டும் எடுத்துக்கிடலாமான்னு கேட்டுச் சொல்லு."

யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

"கேக்குறேம்ப்பா," என்றேன்.