யாருக்கும் சொந்தமில்லாத ஒரு முழம்

ஒரே ஒரு சரிவுப்பாதையைத் திறந்து வைக்க மூன்று ரிப்பன் கட்டினார்கள் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆகவேண்டும். பள்ளி வேன் ஓட்டுகிற வேன்காரம்மா அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். கீழே நகராட்சி ரிப்பன், நடுவில் ஆஸ்பத்திரி ரிப்பன், மேலே கடைக்காரர் சங்கத்து ரிப்பன். கத்தரிக்கோலும் மூன்று. ஒருவர் கத்தரிக்கோலை இன்னொருவர் வாங்கி வெட்டினால் மரியாதைக் குறைச்சலாம்.

விஷயம் இதுதான். ரோட்டிலிருந்து ஆஸ்பத்திரியின் பக்கத்து முற்றத்தைத் தாண்டினால் மேட்டில் ஒரு கடை வரிசை. அங்கே ஏறுவதற்கு அதுவரை வெறும் படிக்கட்டுதான். அந்த வரிசையில்தான் வேன்காரம்மாவின் வீட்டுக்காரர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். விபத்தில் கால் இரண்டும் விளங்காமல் போனதிலிருந்து அவருக்குச் சக்கர நாற்காலிதான். தினமும் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து, அவரைப் படிக்கட்டு வரை தள்ளிக்கொண்டு வருவாள். அப்புறம் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு, நாற்காலியோடு மேலே தூக்கிவிடச் சொல்லுவாள். தள்ளித் தள்ளி அவருடைய உச்சந்தலைச் சுழி அவளுக்கு மனப்பாடம். சுழியைச் சுற்றி வழுக்கை விழுவதும் அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது.

வீட்டுக்காரருக்கு அந்தத் தூக்கல் அறவே பிடிக்காது. ஒருநாள் சவரம் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பாதையாவது ஒழுங்கா வந்தா சரி. வரலைன்னா கடையைக் கொடுத்துடலாம். என்னை மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறாங்க. போதும்மா."

அவர் சொன்னால் சொன்னதுதான். அதனால்தான் அந்த மூன்று ரிப்பனையும் வேன்காரம்மா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சுக்கு ஒன்றும் குறைவில்லை. "அரசாங்கம், வியாபாரம், சேவை, மூணும் கைகோத்துக் கட்டின பாதை இது" என்றார் நகராட்சி இன்ஜினியரம்மா. "கைகோத்து" என்று ஆஸ்பத்திரி மேனேஜரும் சொன்னார். சங்கத் தலைவரான பேக்கரிக்காரர் சொல்லும்போது இரண்டு கையையும் நிஜமாகவே கோத்துக் காட்டினார். கைதட்டல் முடிந்ததும் வீட்டுக்காரரை முதல் ஆளாக ஏறச் சொன்னார்கள்.

நகராட்சித் துண்டில் நாற்காலி வெண்ணெய் மாதிரி போனது. ஆஸ்பத்திரித் துண்டிலும் போனது. அது முடிகிற இடத்தில் ஒரு முழ அகலத்துக்குப் பாதையே இல்லை. கீழே மழைநீர் ஓடுகிற கால்வாய், அதன்மேல் கொத்தனார் மறந்துவிட்டுப் போன ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் கடைக்காரர்களின் பளபளப்பான டைல்ஸ் பாதை, ஒரு சாண் உயரத்தில் ஆரம்பித்தது. நாற்காலி பலகைமேல் ஏறி, டைல்ஸில் முட்டிக்கொண்டு நின்றது.

அப்புறம் வழக்கம்போல நாலு பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"யாரும் தொட வேண்டாம்" என்றார் வீட்டுக்காரர். குரல் உயரவில்லை. வேன்காரம்மாவுக்கு அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. அவள் சுபாவத்துக்கு எப்போதும் ஆத்திரம்தான் ஜெயிக்கும். டைல்ஸ்மேல் தாவி ஏறினாள், கடை ஷட்டரைத் திறந்தாள், அவருடைய வேலைத் தட்டையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

"மேலே போக முடியலைன்னா என்ன? இங்கேயே வேலையைப் பாருங்க. யார் என்ன சொல்றாங்கன்னு பார்த்துடலாம்."

வீட்டுக்காரர் அவளை அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். பேக்கரிக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க போன் ஸ்பீக்கர் கரகரன்னு இருக்குன்னீங்களே, இப்படிக் கொடுங்க" என்றார். பேக்கரிக்காரர் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கொடுத்துவிட்டார்.

மத்தியானம் சின்ன வகுப்புப் பிள்ளைகளை வீடுகளில் விட்டுவிட்டு வேன்காரம்மா திரும்பி வந்தபோது, பாதையில் ரகளை. படிக்கட்டை இடித்துத்தான் பாதை போட்டிருந்தார்கள், வேறு வழியில்லை. பேக்கரியின் ரொட்டித் தள்ளுவண்டி இறங்க முடியாமல் மேலே நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து மேல் வரிசை மருந்துக்கடைக்குப் போகிறவர்கள் கீழே நின்றார்கள். வீட்டுக்காரர் நடுவில் ஹாயாக உட்கார்ந்து ஸ்பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரையும் பின்னால் தொங்கிய ரிப்பனையும் சேர்த்து யாரோ படமெடுத்து ஊர் பூராவும் அனுப்பிவிட்டார்கள். இன்ஜினியரம்மாவுக்குப் போன்மேல் போன். பாவம், முகம் சிவந்து ஓடிவந்தார்.

"யாருங்க உங்களை இங்கே உட்காரச் சொன்னது? நகருங்க!"

"அப்படியா மேடம்? அப்போ இது நகராட்சி இடமா?" வேன்காரம்மா குழைந்து கேட்டாள். நிறுத்தக் கூடாத இடத்தில் வேனை நிறுத்திவிட்டுப் போலீஸ்காரரிடம் குழைவாளே, அதே குழைவு.

இன்ஜினியரம்மா மனசுக்குள் கணக்குப் போட்டார். நம்ம இடம் என்றால் நாமே சரிபண்ண வேண்டும். "இல்லல்ல, எங்களுது கீழேயே முடிஞ்சுது. இது ஆஸ்பத்திரி இடம்."

"எங்க இடம் வேலியோட சரி" என்றார் மேனேஜர் அவசரமாக. "இது சங்கத்து இடம்."

"டைல்ஸ் ஆரம்பிக்கிற இடத்துலேர்ந்துதாம்மா எங்களுது" என்றார் பேக்கரிக்காரர்.

"நல்லதாப் போச்சு. யாருக்கும் சொந்தமில்லாத இடத்துல எங்க வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கார். அவரை எழுந்திரிக்கச் சொல்ல யாருக்கு உரிமை? அப்படியே சொன்னாலும் அவரால எழுந்திரிக்க முடியாது, பாருங்க!"

முதலில் சிரித்தது வீட்டுக்காரர்தான். அவர் சிரித்ததால் மற்றவர்களுக்கும் சிரிக்கத் தைரியம் வந்தது. இன்ஜினியரம்மாவின் போன் மறுபடி அலறி, பாதியிலேயே அணைந்துபோனது. "சார்ஜ் நிக்கலையா மேடம்? கொடுங்க, பார்க்கிறேன்" என்று வீட்டுக்காரர் கை நீட்டினார். தொல்லை விட்டது என்று அந்த அம்மாவும் நீட்டினார். ஆக, இரண்டு பெரிய மனிதர்களின் போன்கள் திறந்து கிடந்தன. அவற்றை மூடும்வரை யாரும் இடத்தைவிட்டு அசைய முடியாது. வேறு வழியில்லாமல் மூன்று பேரும் கால்வாய் ஓரத்தில் குந்தினார்கள்.

"நீங்க ஏன் இவ்வளவு தாழ்த்திப் போட்டீங்க?" என்று பேக்கரிக்காரர் ஆரம்பித்தார்.

"நீங்க ஏன் இவ்வளவு ஏத்திப் போட்டீங்க? வந்து ஒரு தடவை அளந்திருக்கலாமே?" என்றார் மேனேஜர்.

"உங்க இடத்துக்குள்ள டேப்போட வந்தா நீங்க தப்பா நினைப்பீங்களேன்னு..."

மேனேஜர் அவரை உற்றுப் பார்த்தார். "அடப்பாவமே. நாங்களும் அதுக்குத்தான் வரலை."

பார்த்தால் இன்ஜினியரம்மாவும் அதே கதைதான். எத்தனை கூட்டம் போட்டார்கள், எத்தனை தடவை டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டார்கள்! எல்லாம் ஏசி அறையில். ஒருவர் எல்லைக்குள் ஒருவர் கால் வைக்காத அவ்வளவு நல்ல மனிதர்கள். அந்த மரியாதையில்தான் ஒரு முழப் பாதை காணாமல் போனது.

இன்ஜினியரம்மா கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஒரு நுனியை மேனேஜர் கையில் கொடுத்து ரோட்டோரம் அனுப்பினார், மறு நுனியோடு பேக்கரிக்காரரை மேலே ஏற்றினார். அளந்து பார்த்தபோது தெரிந்தது: கால்வாய்க்கு மூடி போட்டால் மட்டும் போதாது, டைல்ஸிலும் பாதியை உடைத்துத் தாழ்த்த வேண்டும். அந்த டைல்ஸைப் பேக்கரிக்காரர் தானே கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்தவர். அவர் முகம் விழுந்துவிட்டது. ஆனால் நாற்காலியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "உடைச்சுத் தள்ளுங்க" என்றார்.

நகராட்சி கால்வாய்க்கு மூடி போட்டது, ஆஸ்பத்திரி கொத்தனார்களை அனுப்பியது. டைல்ஸில் சம்மட்டி விழும்போதெல்லாம் பேக்கரிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடியபடியே வேலையாட்களுக்கு பன் கொடுத்தார். இந்தத் தடவை ரிப்பன் கட்டுகிற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

சிமெண்ட் காய்ந்த அன்று காலை, கீழ் நுனியில் வீட்டுக்காரர் சொன்னார்: "கையை எடு. நான் போய்க்கிறேன்."

அவள் கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் மெதுவாக, மூச்சு வாங்க ஏறினார். அந்த ஒரு முழம் வந்தபோது டக்கென்று ஒரு சத்தம் வரும் என்று பல்லைக் கடித்தாள். வரவில்லை. நாற்காலி கடை வாசலில் போய் நின்றது. ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டதும் நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.

சாயங்காலம் அழைத்துப் போக வந்தவள், பழக்கதோஷத்தில் நாற்காலிக்குப் பின்னால் போய்க் கையை நீட்டினாள். கை காற்றைப் பிடித்தது. கைப்பிடி இரண்டும் இல்லை. திருகாணி கழற்றி, துணியில் சுற்றி, பழைய சார்ஜர்களோடு பெட்டியில் போட்டிருந்தார்.

"என்னங்க இது? நான் எதைப் பிடிச்சுத் தள்ளுறது?"

"தள்ள வேண்டாம். பக்கத்துல நடந்து வா."

பக்கத்தில் நடந்தாள். பாதி இறக்கத்தில் அவர் பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, "என்ன அப்படிப் பார்க்கிறே?" என்றார்.

"ஒண்ணுமில்ல. உங்களுக்கு மீசை நரைச்சிருக்கு. இத்தனை நாளும் கவனிக்கவே இல்லையே!"