நாகமலைக்கு ஒரு சந்தனப் பொட்டு

காளவாசலில் என் தாய்மாமா அழகுபாண்டி நடத்தும் பெயிண்ட் கடையிலிருந்து ஆண்டுதோறும் ஐந்நூறு காலண்டர் கொடுப்பது வழக்கம். எப்போதும் முருகன் படம்தான். இந்த ஆண்டு நான் எடுத்த படத்தைப் போடச் சொல்லிக் கேட்டேன். நாகமலையை ஒட்டிய கண்மாயில் விடியற்காலை. மலை தண்ணீரில் தலைகீழாகக் கிடக்க, நடுவில் நான்கு கூழைக்கடாப் பறவைகள்.

மூன்று வருடமாக ஞாயிறுதோறும் கேமராவோடு ஸ்கூட்டியில் கிளம்பிவிடுவேன். அழகர்மலை, சிறுமலை, வைகைக் கரை என்று எடுத்தவை எல்லாம் கம்ப்யூட்டரில் தூங்குகின்றன. ஒன்றாவது அச்சில் வந்து யார் வீட்டுச் சுவரிலாவது தொங்கவேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

"நல்லாத்தான் இருக்கு சரண்யா. ஆனா சாமி இல்லாத காலண்டர எவன் மாட்டுவான்? சுருட்டிப் பரண்ல போட்ருவான்" என்றார் மாமா.

ஒரு வாரம் கடையில் மாட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை சிவகாசிக்கு ஆர்டர் சொல்லவேண்டும். திங்களன்று கல்லாவுக்கு மேலே, முருகனுக்கும் மீனாட்சிக்கும் நடுவில் ஆணியடித்து மாட்டினேன். கடையில் பில் போடுவது நான்தான் என்பதால் நடந்ததை எல்லாம் பார்க்க முடிந்தது.

செவ்வாயன்று பெயிண்டர் தவசி வந்தார். "எந்த ஊரு தாயி, காஷ்மீரா?"

"நாகமலைண்ணே."

"சும்மா அளக்காத. அந்தப் பக்கந்தான் தெனமும் வேலைக்குப் போறேன். இம்புட்டு அழகு எங்க இருந்துச்சாம்?"

"நீங்க போறது ஒம்பது மணிக்கு. இது ஆறே கால்."

"அழகுண்ணே, ஒங்க மருமக கம்ப்யூட்டர்ல பெயிண்ட் அடிச்சிருக்கா. நம்ம பொழப்புக்கே போட்டி!"

புதன்கிழமை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வியாழனன்று ஓர் அம்மா கலர் அட்டையை மூடிவைத்துவிட்டு, மலைக்கு மேலிருந்த வானத்தைக் காட்டி, "இந்தக் கலர்ல நாலு லிட்டர் இருக்கா?" என்றார். அந்த நிறம் கடையில் இல்லை. மாமா சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தவசி வந்து போனை நீட்டினார். படம் சாய்ந்திருந்தது, ஓரத்தில் அவர் கட்டைவிரல். கண்மாய்த் தண்ணீரில் கணுக்கால் நனைய அவர் மனைவி நின்றார்.

"அம்புட்டும் நெசந்தாண்ணே. கல்யாணமாகிப் பதினாலு வருசத்துல, விசேசம் ஏதுமில்லாம இவளக் கூட்டிக்கிட்டு ஒரு எடத்துக்குப் போனது இதான் மொதத் தடவ."

"பறவையக் காணோம்?" என்றார் மாமா.

"பறந்துருச்சு. ஞாயித்துக்கெழம திரும்பப் போறோம்ல."

"நீ போவ. மத்தவன் மாட்டணுமே."

அன்று மாலை, கடையைக் கூட்டும் முனீஸ்வரி அக்கா வெள்ளிக்கிழமை வழக்கப்படி சாமி படங்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார். முருகனுக்கு வைத்த கையோடு நாகமலை உச்சியிலும் ஒரு பொட்டு. என்னிடம் இருந்ததே அந்த ஒரு பிரிண்ட்தான்.

"ஏத்தா, அது சாமி படமில்ல. மலை" என்றார் மாமா.

"தெரியும்ணே. பாக்கையில கும்புடணும்போல இருந்துச்சு, வச்சேன். அழிச்சிறவா?"

மாமா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "வேணாம். இருக்கட்டும்."

மறுநாள் சனிக்கிழமை. எட்டரைக்குத் திறக்கவேண்டிய கடை ஒன்பதே காலாகியும் பூட்டிக் கிடந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஆனதில்லை. வாசலில் காத்து நின்றேன். ஒருவழியாக மாமாவின் பைக் வந்து நின்றது. பேண்ட்டில் முழங்கால்வரை சேறு.

"ஏழு இருந்துச்சு" என்றார் சாவியைத் தேடிக்கொண்டே. "நீ நாலைத்தான் எடுத்திருக்க."

மாமா பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினார்.

"சிவகாசிக்குப் போன் போடு. ஐநூறும் அந்தப் படந்தான். ஓரத்துல எந்த எடம்னு தெளிவாப் போடச் சொல்லு. காஷ்மீருன்னு நெனச்சுக்கிட்டு வீட்லயே இருந்துரப் போறானுக."